சும்மா பாத்தி

ஹாரனை நான் விடாமல் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குச் சாட்சி இருக்கிறது.

ஜீப்புக்கு முன்னால் தலைகள். பின்னால் தலைகள். 1981, கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் நாலேகால். மலை உச்சியில் தீபம் ஏற்ற இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. திருவண்ணாமலைக்குள் நுழைகிற செஞ்சி ரோட்டில் முக்கால் மணியாக எங்கள் ஜீப் ஒரு முழம்கூட நகரவில்லை. பின் ஸீட்டில் ஆராயி கிடந்தாள். எங்கள் ஆராய்ச்சி வயலில் கூலி வேலை செய்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கணுக்காலில் நல்ல பாம்பு கடித்திருந்தது. அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு என் உதவி விஞ்ஞானி கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

"சார், கண்ணு சொருகுது சார்."

"இதோ போயிடலாம்மா" என்றேன். மறுபடியும் ஹாரன்.

சக்கரபாணி, நான் ஓய்வு பெறுவதை ஒட்டி நீங்கள் போடுகிற விழா மலருக்கு மூன்று பக்கம் கேட்டீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: 'தவறை ஒப்புக்கொள்ளும் துணிவு'. நீங்கள் நம் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பழைய விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று பக்கத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

செடிக்கும் ஹார்மோன் உண்டு. எது நீள வேண்டும், எது உதிர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நிலக்கடலையில் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கும். இறங்கின ஊசி காயாகும். பாதி ஊசிகள் இறங்காமலே வீணாகிவிடும். அவற்றையும் இறங்க வைக்கிற ஹார்மோனைக் கண்டுபிடித்துத் தெளித்தால் என்ன? இந்த ஒரு கேள்விதான் என் வாழ்க்கை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

1973-ல் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி கோதண்டராமன் என்பவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். இருபது பாத்தி. பத்தில் ஹார்மோன் தெளிப்பு. பத்தில் வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வேலைக்கு வந்த பெண்கள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று மருந்துப் பாத்தி, இன்னொன்று சும்மா பாத்தி.

முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் மருந்துப் பாத்தியில் முப்பத்தொரு சதவீதம் கூடுதல் விளைச்சல். அந்த முப்பத்தொன்றுதான் எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் தனி லேப் கொடுத்தது. மாநாடுகளில் முதல் வரிசை நாற்காலி கொடுத்தது.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஆந்திராவில் செய்து பார்த்தோம், வரவில்லை. குஜராத்தில் செய்து பார்த்தோம், வரவில்லை. 'உங்கள் மண் வேறு' என்று பதில் எழுதினேன். 1977-ல் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தது. வேண்டாம் என்றேன். அண்ணாமலையாரை விட்டுப் போக மனசில்லை போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில், போகிற இடத்தில் அதே விளைச்சலைக் காட்டச் சொல்வார்கள். இங்கே என் வயலில் வேறொருவன் வந்து விதைப்பான். எட்டு வருஷம் இந்த ஊரைவிட்டுச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் நான் எங்கும் போனதில்லை. அறுவடை மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை. ஏதோ ஒரு எச்சரிக்கை உணர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரி 1980-ல் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. அடுத்த வருஷமே என் பரிசோதனையை அப்படியே திரும்பச் செய்ய மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டாள். என் மேல் சந்தேகப்பட்டு இல்லை. கடிதம் எழுதினவர்களின் வாயை அடைக்கவேண்டும் என்றுதான். அதே நிலம், அதே பாத்திகள், அதே பெண்கள். ஆனால் சுற்றிலும் முள்கம்பி வேலி. ஒவ்வொரு பாத்தியிலும் எத்தனை செடி என்று எண்ணி எழுதி வைத்திருந்தாள். நான் அதை ஒருநாளும் எண்ணியதில்லை.

தீபத்தன்று மத்தியானம் பெண்கள் வேலிக்கு வெளியே கூடைகளோடு வந்து நின்றார்கள். ஆராயியோடு வேலை செய்கிற வெள்ளையம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது, கம்பி கட்டி வெச்சிருக்கே? சாமிக்கு எங்க எடுக்கறது?"

"சாமிக்கா?" என்றாள் கஸ்தூரி.

ஆராயி சிரித்தாள். "வருசா வருசம் எடுக்கறதுதாம்மா. மொத்தமா புடுங்கறதுக்கு முன்னாடி கோயிலுக்குன்னு சாமி பங்கு எடுத்துடுவோம். ஆளுக்கு நாலு கூடை."

"எந்தப் பாத்தியில எடுப்பீங்க?"

"சும்மா பாத்தியிலதான். மருந்து அடிச்சதைப் போய் சாமிக்குப் படைப்பாங்களா? நல்ல பொண்ணு போ. உனக்குப் படிப்பு ஜாஸ்தி, விவரம் கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. பிறகு வரப்பில் உட்கார்ந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். மருந்துப் பாத்தி நிறைய விளையவில்லை. சும்மா பாத்தியிலிருந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். மிச்சத்தைத்தான் எடை போட்டிருக்கிறோம். அவள் சோதனைக்காகப் பிடுங்கிப் பார்த்த செடிகளில் வித்தியாசம் நாலு சதவீதம்கூடத் தேறவில்லை.

என்னிடம் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். யாருக்கு சார் இது தோணும்? ஒரு திருத்தம் எழுதி அனுப்பிடலாம். ஆராயிகிட்ட விவரமா கேட்டு எழுதி, நாளைக்குக் கைநாட்டு வாங்கிடறேன். எந்த வருஷம் எத்தனை கூடை, எல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்கு சார். ஆச்சரியமா இருக்கு."

"செய்துடலாம்மா" என்றேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

வேலிக்கு வெளியே ஓரமாக இருந்த செடிகளில் எடுத்துக்கொள்ளும்படி கஸ்தூரி பெண்களிடம் சொன்னாள். இரண்டரை மணிக்கு அங்கேதான் ஆராயியைப் பாம்பு கடித்தது. அந்தப் பாம்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதை நீங்கள் நம்பலாம்.

டிரைவர் வேணு தீபத்துக்கு லீவு. நான்தான் ஜீப்பை எடுத்தேன். என் துண்டைக் கிழித்து அவள் காலில் கட்டியதும் நான்தான். வயல் பாதை தார் ரோட்டில் ஏறுகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் செஞ்சி. வலது பக்கம் திருவண்ணாமலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டு ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி உண்டு.

"செஞ்சிக்குப் போயிடலாம் சார். இன்னிக்கு தீபம்" என்றாள் கஸ்தூரி.

"அங்கே மருந்து இருக்குமோ இருக்காதோ. நம்ம ஊர்ல நிச்சயம் இருக்கும்மா."

நியாயமான பதில். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பா கோயில் குருக்கள், அவருக்குப் பிறகு அண்ணன் சாம்பமூர்த்தி. தீபத்தன்று எந்த ரோடு எத்தனை மணிக்கு அடைபடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செஞ்சி ரோடு மூன்று மணிக்கு அடைபடும்.

வலது பக்கம் திருப்பினேன்.

ஜீப் நின்ற பிறகு ஜனங்கள் உதவிக்கு வராமல் இல்லை. மொட்டை போட்ட ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், பாம்பா? எறக்குங்க. நாங்க பத்து பேரு கீறோம், தூக்கினு ஓடறோம். அரை மணியில கொண்டாந்து வுட்டுடுவோம்."

"ஆடாமல் அசையாமல் இருக்கணும்ப்பா. அசைத்தால் விஷம் சீக்கிரம் ஏறிடும்" என்றேன்.

அது பொய்யில்லை. பாதி உண்மை. கஸ்தூரி கெஞ்சினாள். "டாக்டர், ப்ளீஸ். தூக்கிட்டுப் போகட்டும்."

மொட்டைத்தலை மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "டாக்டரே வேணாம்ன்றாரு. வுடுங்கப்பா."

என் டாக்டர் பட்டம் நிலக்கடலையில் வாங்கியது. அதை அவனுக்கு விளக்குவதற்கு அது நேரமில்லை.

ஐந்து மணிக்கு ஆராயிக்கு நாக்குக் குழறியது. இமைகள் பாதி மூடிவிட்டன. இருந்தாலும் என்னைத் தேடினாள்.

"ஐயா... அந்தம்மா கேக்குது... அதையும் சொல்லிடட்டா?"

"பேசாதே ஆராயி. தெம்பு போயிடும்."

"எதை சார்?" என்றாள் கஸ்தூரி.

"மயக்கத்துல ஏதோ உளர்றாம்மா."

ஐந்தே முக்காலுக்கு மூச்சு நின்றது. கஸ்தூரிக்கு உடனே புரியவில்லை. ஆராயியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு உச்சியில் தீபம் தெரிந்தது. லட்சம் பேர் ஒரே குரலில் அரோகரா என்றார்கள். நானும் கும்பிட்டேன். வழக்கம்.

ஆராயியின் புருஷன் காசி மறுநாள் லேப் வாசலில் என் காலில் விழுந்தான். "எங்களையெல்லாம் ஜீப்புல ஏத்துவாங்களா ஐயா? நீங்க ஏத்தினு வந்தீங்களே" என்று அழுதான். அவனைத் தூக்கி நிறுத்தினேன். அவன் மகளுக்கு நிலையத்தில் பெருக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் என் மேஜையைத் துடைப்பவள் அவள்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

திருத்தம் 1982-ல் வெளிவந்தது. கஸ்தூரி எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். கிராமத்துப் பெண்களின் பக்தியால் நேர்ந்த பிழை, அதைத் தானே முன்வந்து அறிவிக்கும் விஞ்ஞானி. நான் எதிர்பார்த்தது அவமானம். வந்தது பாராட்டு. முப்பத்தொரு சதவீதம் கொடுத்த பெயரைவிட அதைத் திருப்பிக் கொடுத்ததில் கிடைத்த பெயர் பெரிது. காலேஜ்களில் நேர்மையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் போனேன். ஆறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மேடையிலும் கஸ்தூரி முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறாள். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். முன்பாவது அறுவடை மாதத்தில்தான் ஊரைவிட்டு அசைய முடியாது. இப்போது எந்த மாதமும் இந்த வேஷத்தைவிட்டு அசைய முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்பீர்கள். பிழை பெண்களுடையது. பழி வரவில்லை, பதவி போகவில்லை. பிறகு எதற்காக அந்த ஜீப்பை வலது பக்கம் திருப்பவேண்டும்?

நோட்டில் நான் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை, சக்கரபாணி. தராசில் நின்றதைத்தான் எழுதினேன். இன்றைக்கும் அதைத் தைரியமாகச் சொல்வேன்.

1973-ல் அந்தப் பெண்கள் சாமிக்கு எடுத்தது ஆளுக்கு ஒரு கூடைதான். எடை போட்டதில் வித்தியாசம் ஏழு சதவீதம் வந்தது. ஏழை வைத்துக்கொண்டு யாரும் டாக்டர் ஆக முடியாது. அந்த ஏழும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன், தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷம் அறுவடைக்கு முந்தின நாள் ஆராயியை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். குருக்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால் அவள் தட்டமாட்டாள்.

"சாமிக்கு ஒரு கூடைதானா ஆராயி?" என்றேன். "ஆளுக்கு நாலா எடுக்கச் சொல்லு. சும்மா பாத்தியிலேயே எடுக்கட்டும். நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதே."