குடை ஜாலரின் ஓரத் தையல்

உங்கள் சீருடைக் காலரின் இடது ஓரத்தில் தையல் ஒரு நூல் அளவு வெளியே ஓடியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். தப்பாக நினைக்க வேண்டாம். ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலரைப் பார்த்துவிடுவது எங்கள் தொழிலில் வரும் வியாதி. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் பூவராகவன். பெரிய காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தையல்காரர் சங்கத்துக்குத் தலைவர். 'தையற்கலைச் செம்மல்' என்று சங்கம் எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறது. முன்மொழிய யாரும் எழுந்திருக்கவில்லை என்பதால் நானே முன்மொழிந்தேன். வழிமொழிந்தவர் வேறு ஆள். ஆகவே அது செல்லும்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் தையலில் கோணலைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நானே தைத்தால் மட்டும் ஓரம் கொஞ்சம் அலையும். தலைவருக்கு முதலாவது இருந்தால் போதும். இரண்டாவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டவள்தான் எஸ்தர். கூரம் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

தையல் மெஷினில் ஊசி இறங்கும் இடத்தில் துணியை அழுத்திப் பிடிக்க எஃகில் ஒரு சின்னப் பாதம் இருக்கும். அதை ஃபுட் என்போம். எஸ்தர் தன் சொந்தச் செலவில் தனி மாதிரி ஃபுட் ஒன்று வாங்கி வந்தாள். அதற்கு ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு. தாழ்ந்த கால் துணியின் விளிம்பை உரசிக்கொண்டே போகும். ஊசி விளிம்பை விட்டு விலகாது. அதை மாட்டி அவள் பட்டில் ஜரிகை ரிப்பன் வைத்துத் தைத்தால், தறியிலேயே அப்படி நெய்து வந்ததோ என்று தோன்றும்.

எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் கருட சேவைக்குப் பட்டுக் குடை தைத்துக் கொடுப்பது என் கைங்கரியம். குடையைச் சுற்றித் தொங்கும் ஜாலரின் ஓரத்தைத் தைத்தது எஸ்தர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்வேன். கோயிலில் தர்மகர்த்தா, மடியாகத் தைத்ததுதானே என்று கேட்பார். குளித்து, நாமம் இட்டு, நானே தைத்தேன் என்பேன். குளித்ததும் நாமம் இட்டதும் சத்தியம். அவள் கையும் சுத்தமான கைதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பெருமாள் முன்னால் பரிவட்டம் என் தலையில் கட்டப்படும்போது ஊரே பார்க்கும். அதைத் தலையில் வாங்கிப் பார்த்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இந்த வருஷம் எஸ்தர் ஏனாத்தூரில் தனிக்கடை போடப்போவதாகச் சொன்னாள். சந்தோஷம் என்றேன். கடைக்கு விளம்பரமாகப் போன வருஷத்துக் குடையின் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, 'என் கைத்தையல்' என்று எழுதிவிட்டாள். அது தர்மகர்த்தாவின் மருமகள் காயத்ரி கண்ணில் பட்டது. அந்தப் பெண் கடைக்கே வந்துவிட்டாள்.

"மாமா, குடைய எஸ்தரக்காதான் தைச்சாங்களா? எனக்கும் அவங்களே பிளவுஸ் தைச்சுக் குடுக்கட்டும்."

அது ஃபுட்டின் வேலை, அதை மாட்டினால் குரங்குகூட நேராகத் தைக்கும் என்று விளக்கினேன்.

அவள் சிரித்தாள். "அப்போ பரிவட்டத்த ஃபுட்டுக்கு இல்ல கட்டியிருக்கணும்?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் விளையாட்டாகச் சொல்வதைத்தான் மாமனாரிடமும் போய்ச் சொல்வார்கள். காலனிப் பெண், அதிலும் கிறிஸ்தவப் பெண் தைத்தது என்று தெரிந்தால் குடையை என்ன செய்வார்களோ தெரியாது. என்னை என்ன செய்வார்கள் என்பது தெரியும். எஸ்தரைக் கூப்பிட்டு, அந்தப் படத்தை எடுத்துவிடு, விசாரித்தால் 'நான் தைக்கவில்லை' என்று சொல்லிவிடு என்று தன்மையாகக் கேட்டேன்.

"எடுத்துடறேன் மாஸ்டர். ஆனா யாராவது கேட்டா நான்தான் தைச்சேன்னு சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பிடிவாதம் நல்லதில்லை.

மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே கடையைத் திறந்து, ஃபுட்டைப் பிடித்திருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவள் தைத்துக்கொண்டிருந்த இந்த வருஷத்து ஜாலரில் பட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டு கனமாக இருக்கும். அங்கே ஏறும்போது ஃபுட் நகர்ந்துவிடும், ஊசி எஃகின்மேல் இறங்கி உடையும், பட்டு கிழியும். பட்டைக் கிழித்தவள் என்று பெயர் வந்துவிட்டால், அதற்குமேல் அவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நான் நினைத்தது இவ்வளவுதான். மூட்டு வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் தாழ்த்திக் கிட்டத்தில் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். பல வருஷமாகப் பார்க்கிறேனே.

பவர் மெஷின் ஓடுகிற வேகத்தில் ஊசி உடைந்தால் அதன் முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி. எஸ்தருக்கு வலது கண் போயிற்று.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். தனிக்கடை எல்லாம் இனிச் சிரமம், நம் கடையிலேயே பிளவுஸுக்குக் கொக்கி கட்டிக்கொண்டு இரு, உன்னை நான் கைவிட மாட்டேன் என்றேன்.

அவள் ஹார்லிக்ஸைத் தள்ளிவைத்தாள். பிறகு, "கொக்கி கட்ட ஒரு கண்ணு போதும்னு கணக்கு பண்ணிக்கினுதான் வந்தியா மாஸ்டர்?" என்றாள்.

இத்தனை வருஷம் 'வாங்க, போங்க' என்று பேசியவள். அந்த 'வந்தியா' எனக்கு வலித்தது, மேடம்.

ஜாலரில் மிச்சம் இருந்ததை நானே தைத்தேன். அதே ஃபுட்டைத்தான் மாட்டினேன். நன்றாக இறுக்கித்தான் மாட்டினேன். அப்படியும் ஓரம் அலைந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பட்டில் ஊசித் துளைகள் விழுந்ததுதான் மிச்சம். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். கருட சேவையன்று குடை ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. ஒருவரும் அண்ணாந்து ஓரத்தைப் பார்க்கவில்லை. எந்த வருஷமும் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. பரிவட்டம் கட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மெஷினுக்கு எண்ணெய் போட மெக்கானிக் சிட்டிபாபு வந்தான். அவன் பார்த்ததைத்தான் நீங்கள் என்னிடம் இரண்டு தடவை கேட்டீர்கள். நான் இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டதும் அதைத்தான்.

ஊசிக்கு எதிரே கண்ணாடி போலப் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். ஊசி உடைந்தால் கண்ணில் தெறிக்காமல் தடுக்க வைத்தது. அன்று காலை எஸ்தரிடம், தகடு திருகு கழன்று விழுந்து உடைந்துவிட்டது, சிட்டிபாபு புதுசு கொண்டுவருவான், திருவிழா நெருங்குகிறது, அதற்குள் ஜாலரை முடித்துவிடு என்று சொல்லியிருந்தேன். சிட்டிபாபுவிடம் நான் தகடே கேட்கவில்லை; வந்தவனிடமும் அது தானாக விழுந்துவிட்டது என்றேன். அது மட்டும் இல்லை. தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் திரும்பவும் அதனதன் துளையில் அழுத்தமாக முடுக்கப்பட்டிருந்தன.

"தகடு தானா விழுந்திருந்தா ஸ்க்ரூ எப்பிடிண்ணா திரும்பிப் போயி மாட்டிக்கினு உக்காந்திருக்குது?" என்றான். அவன் நேராக எஸ்தர் வீட்டுக்குப் போய்விட்டான்.

மெஷினில் வெறும் துளையை விட்டுவைக்க எனக்கு மனசு வராது, மேடம். தூசி இறங்கும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஆமாம், தகட்டைக் கழற்றியது நான்தான். ஃபுட்டைத் தளர்த்துவதற்கு முன்னால், முதலில் அதைத்தான் கழற்றினேன்.

வேண்டுமென்றே கண்ணைக் குறிவைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்; கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நியாயத்தை யோசித்துப் பாருங்கள். அவளுக்கு இன்னொரு கண் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்.