டாக்டரம்மா திறந்த கதவு

மதிப்பிற்குரிய தலைவர் சக்கரபாணி ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! பெஞ்சியிலும் தரையிலும், இடம் கிடைக்காமல் ஜன்னலிலும் உட்கார்ந்திருக்கும் திண்டிவனத்து மக்களே! தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி ஆயா ஜெயத்தின் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்தத் தாளில் ஒன்றும் எழுதியில்லை. மருந்துப் பொட்டலம் மடிக்கிற தாள் இது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனாலும் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தாளோடு ஏறினார்கள். நான் மட்டும் வெறுங்கையோடு வந்தால் நன்றாகவா இருக்கும்? கை நடுங்குவது தெரியாது என்றும் நினைத்தேன். இப்போது தாளும் சேர்ந்து நடுங்குகிறது.

டாக்டரம்மா படத்துக்கு மாலை எங்கே என்று தலைவர் ஐயா வந்ததிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் சொல்கிறேன் ஐயா.

போன மாதம் ஒலக்கூரில் காலரா கண்டவர்களைப் பார்க்கப் போய், தானும் அதிலேயே விழுந்து கண்ணை மூடினாரே, நம் டாக்டர் ஹன்னா அம்மையார், அவர் யார்? வெள்ளைக்காரி என்றோம். ஜெர்மன்காரி என்று சர்க்கார் சந்தேகப்பட்டது. சண்டை நடந்த வருஷமெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வைத்தது. அந்த ஜெர்மன்காரனோ, 'நீ யூதச்சி' என்று சொல்லி அவரை வியன்னா பட்டணத்திலிருந்தே விரட்டியிருந்தான். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று தள்ளிய அந்த அம்மாள் எங்கே வந்து விழுந்தார்? நம் திண்டிவனத்தில், என் தலையில்!

தமிழும் என்னிடம்தான் படித்தார். அதனால்தான் கலெக்டர் வந்தபோதுகூட, "இன்னா சார், ஜல்தி உக்காருங்க" என்றார். கலெக்டரும் ஜல்தியாக உட்கார்ந்தார்.

அத்தனை தைரியசாலிக்குக் கதவு என்றால் பயம். தேர்த் திருவிழாவுக்குத் தீவட்டி வந்தால் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். பூட்ஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். படுக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் செருப்பு இருக்கும், ஓடுவதற்குத் தோதாக. "இன்னாம்மா, திருடன் வந்தா நீங்க ஊசி போட்டே கொன்னுட மாட்டீங்களா?" என்று கேலி செய்வேன். சிரிப்பார். தாழ்ப்பாளைத் திறக்க மாட்டார்.

அந்தக் கேலியை நான் விட்டது நாற்பத்தொன்றாம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை அன்று.

முகையூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர் ராயப்பன் என்னை அடிக்க வருவான். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறான். அங்கே ஒரு வீட்டை எடுத்து, மாதம் ஒரு தடவை போய்த் தங்கி வைத்தியம் பார்ப்போம். அந்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் யூத சனங்களுக்கும் பாஸ்கா பண்டிகையாம். ரொட்டி சுடச் சொன்னார். உப்பு வேண்டாம், மாவு ஊறவும் வேண்டாம் என்றார்.

"இன்னா ரொட்டிம்மா இது, மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"எங்க சனம் எகிப்துலேர்ந்து ஓடி வந்துச்சு ஜெயம். மாவு புளிக்க நேரம் ஏது?"

பொழுது சாய்வதற்குள் இரண்டு விளக்கு ஏற்றினார். மேசையில் ஆளில்லாத இடத்தில் ஒரு தம்ளர் வைத்தார். எலியா தீர்க்கதரிசிக்காம். சாப்பாட்டுக்கு நடுவே அவருக்காகக் கதவைத் திறந்து வைப்பது வழக்கமாம்.

"அப்ப தொறந்து வைக்கட்டுமாம்மா?"

"வேணாம். வியன்னாவை வுட்டு வந்ததுலேர்ந்து தொறக்கறதில்ல."

அந்த நேரத்தில்தான் மாதா கோயில் திடலில் கூச்சல் எழுந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "பாடுகளோட நாடகம்மா. ஏசுவை சிலுவையில அறைவாங்க. அவரக் கொன்னவங்கன்னு, யூதனுங்க வந்தா சனம் மண்ணை வாரி எறியும்."

சபையோர்களே, ஒரு முகம் சுண்ணாம்பாக வெளுப்பதை நான் பார்த்தேன்! எத்தனையோ நூறு வருஷமாக, எத்தனையோ ஊர்களில், இதே பெரிய வெள்ளியன்று சனம் கோயிலிலிருந்து கிளம்பி யூதர் வீடுகளுக்குப் போனதை மெதுவாகச் சொன்னார். வியன்னாவில் ஜெபக்கூடத்துக்குத் தீ வைத்த அன்று, தன் வீட்டுக் கதவை உடைத்தவன் அடுத்த வீட்டு ரொட்டிக்கடைக்காரன் என்றார். தான் காய்ச்சல் பார்த்துப் பிழைக்க வைத்த மனிதன்! "அவனும் நல்லவன்தான் ஜெயம். அதான் பயம்."

கூச்சல் சட்டென்று நின்றது. பிறகு ஓடிவரும் காலடிச் சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். தீவட்டி! தடி! தாடியும் கூர்க்குல்லாயும் வைத்த கும்பல்! நேரே எங்கள் வீட்டுக்கு!

டாக்டரம்மா மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டார். "நான் யூதச்சின்னு யார்கிட்டயாவது சொன்னியா ஜெயம்?" என்றார். மாதா சத்தியமாக நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் எங்காவது உளறினேனோ என்று.

"தொறங்கம்மா! டாக்டரம்மா, கதவத் தொறங்க!"

கதவு அதிர்ந்தது. குரல் எனக்குத் தெரிந்த குரல். "நம்ம ராயப்பன்மா. வேஷத்தோட வந்துக்கினு இருக்கான்" என்றேன். அவர் அசையவில்லை. வெளியே அவன் அழுவது கேட்டது. "எம் பொண்டாட்டி பூமாலைக்கு ரெண்டு நாளா வலி. கை மட்டும் வெளிய வந்துட்சிம்மா!"

பிள்ளையின் கை! அந்த ஒரு சொல்லுக்கு நம் டாக்டரம்மா என்ன செய்தார்? மேசையை இழுத்தார். வியன்னாவை விட்டு வந்த பிறகு, பாஸ்கா அன்று முதல்முறையாக, தன் கையாலேயே கதவைத் திறந்தார்!

வாசலில் ஆட்டுமயிர்த் தாடியோடு ராயப்பன். பின்னால் தீவட்டிக் கூட்டம்.

"யாரு நீ?"

"ராயப்பனுங்க. யூத வேஷம்."

"நானும் யூதச்சிதான். வேஷம் இல்ல. பையை எடு ஜெயம்."

யார் கையில் தடி இருக்கிறது என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். ராயப்பன் தாடியைப் பிடித்து இழுத்தான். வேலம்பிசினால் ஒட்டியது; தோலோடு வந்தது. பையை அவனே வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினான். பொழுது சாய்ந்து, வேலை செய்யக்கூடாத உங்கள் ஓய்வு நாள் தொடங்கிவிட்டதே அம்மா என்றேன், நடந்துகொண்டே. உயிர் போகிற இடத்தில் ஓய்வு நாள் குறுக்கே வராது, அதுதான் எங்கள் சட்டம் என்றார். கூட்டமும் கூடவே வந்தது. காவலுக்கு வருகிறதா, வேறு எதற்காவதா என்று வழியெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. ராயப்பனின் தாய் சவுரியம்மாள் நிலைப்படியில் கையை விரித்து நின்றாள். "யூதச்சி கை எம் மருமவ மேல படக்கூடாது. அதுவும் இன்னிக்கி!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. டாக்டரம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. அந்த நகம் பதிந்த இடம் எனக்கு இன்றும் தெரியும். அப்போது உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு சத்தம்: "அத்தே, வழிய வுடு! யூதச்சியோ ராட்சசியோ, வலி எனக்கு!"

கிழவி நகர்ந்தாள். பிள்ளையைத் திருப்பி எடுத்தார் டாக்டரம்மா. தாயும் பிழைத்தாள், பெண்ணும் பிழைத்தது. அந்தப் பெண்தான் இப்போது ராயப்பன் மடியில் உட்கார்ந்து மல்லாட்டையைத் தோல் உரித்துத் தின்கிறது. அடுத்த வருஷம் அந்த ஊரில் தாடியும் குல்லாயும் இல்லாமல் நாடகம் நடந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் சனம் பேஜாராகிப்போனது.

சண்டை ஓய்ந்த பிறகு வியன்னாவிலிருந்து சேதி வந்தது. தாய் இல்லை, தங்கை இல்லை, தங்கை பிள்ளைகள் இல்லை. தாங்களாக யாரும் சாகவில்லை, கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த வருஷத்துப் பாஸ்காவுக்கும் அவர் கதவைத் திறந்து வைத்தார். திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போகவில்லை! செருப்பு கடைசிவரை படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கும் போகவில்லை. இப்போது வடக்கே இருந்து வருகிற கலவரச் சேதியைக் கேட்டு, நம் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒரு துலுக்கர் வீடு பகலிலேயே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. நாமும் நல்லவர்கள்தானே? ரொட்டிக்கடைக்காரனும் நல்லவன்தானே?

ஆகவே இந்தச் சபையில் சொல்கிறேன். புது டாக்டர் வரும்வரை கம்பவுண்டர் முருகையனும் நானும் ஆஸ்பத்திரியை நடத்துவோம். யார் பயந்து ஓடிவந்தாலும், எந்த நேரம் வந்தாலும், அந்தக் கதவு திறந்திருக்கும். இது டாக்டர் ஹன்னா அம்மையார் பேரால் நான் கொடுக்கும் வாக்கு!

வாக்கை நேற்றுச் சாயங்காலமே தொடங்கிவிட்டேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். படத்தை மேசைமேல் வைத்து, தலைவர் ஐயா வாங்கிக் கொடுத்த ரோஜா மாலையைப் போட்டுவிட்டு, விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆடு நின்றிருந்தது. ஆடு தலைவர் ஐயா வீட்டுடையது. மாலையின் நார் மட்டும் என்னிடம் இருக்கிறது. வணக்கம்.