ஆர்லிஸ் இருந்த லைன்

சொந்த வீட்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது கடினமில்லை. ஒருவர் நிலவறையில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். இன்னொருவர் மேசை விளக்கை ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் செருகி, எரிகிறதா என்று குரல் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் விளக்கைப் பிடித்தவர் என் கணவர் வெர்லின். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே அணைந்துவிடும் பிளக் பாயிண்டைக் குளியலறையில் வைக்க வேண்டும் என்றது நான். அவர் ஈரக் கையோடு ஷேவிங் மெஷினைத் தொடுவது எனக்குப் பயமாக இருந்தது. அது உண்மை.

ஒன்பதாம் பிரேக்கரை அணைத்தபோது கார் ஷெட்டிலிருந்து குரல் வந்தது.

“எலக்ட்ரீஷியன் அம்மா, இங்க இருட்டாயிடுச்சு. ஆர்லிஸும் பேச்சை நிறுத்திட்டா.”

ஆர்லிஸ் அவருடைய முதல் மனைவி. இறப்பதற்கு முந்தைய கோடையில், மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பதினான்கு தட்டு செய்து, கார் ஷெட் ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டுப் போனாள். அதனால் அந்த ஃப்ரீசரையே அவர் விளையாட்டாக ஆர்லிஸ் என்பார். ஒவ்வொரு தட்டின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘ஒரு மணி நேரம் சூடாக்கு. பொறுமையா இரு, வெர்ல்.’ வருடத்துக்கு ஒன்றை அவர்களுடைய கல்யாண நாளன்று சூடாக்குவார். எனக்கும் ஒரு கரண்டி வைப்பார். ஐந்து வருடம் சாப்பிட்டேன். ஐஸ் வாடைதான் அடிக்கும். இரண்டாவது கரண்டியும் கேட்பேன். இன்னும் ஆறு தட்டு இருந்தது. நான் எண்ணியதில்லை, பார்த்தாலே தெரியும்.

குளியலறையின் பழைய பிளக் பாயிண்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஜோடிக் கம்பிகள். ஒன்று பிரேக்கரிலிருந்து வருவது. மற்றது கார் ஷெட்டுக்குப் போவது. இரண்டாவதைப் புதிய பிளக் பாயிண்டின் பாதுகாப்புக்கு வெளியேயும் இணைக்கலாம், உள்ளேயும் இணைக்கலாம். உள்ளே இணைத்தால், குளியலறையில் அணையும்போது ஃப்ரீசரும் அணையும்.

வெர்லின் பின்னால் வந்து நின்றார். “அவளை இதுல சேர்த்துடாத, மாரிட். இது சும்மா சும்மா விழுந்து கரண்ட் நின்னுடும்னு சொல்றாங்க.”

சரி என்றேன். உள்ளேதான் இணைத்தேன். கார் ஷெட் தரையும் ஈரம்தானே.

ஜூலையில் பத்து நாள் டுலூத்தில் அவர் தங்கை வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து கார் ஷெட் கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. அவர் முட்டி போட்டு, சீட்டுகளையாவது உரித்தெடுக்கப் பார்த்தார். மை கரைந்துபோயிருந்தது. அந்த வாரம் இங்கே நல்ல இடி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதில்தான் விழுந்திருக்கும் என்று அவரே முடிவு செய்தார். கம்பியை மாற்றி இணைத்துவிட்டேன் போல என்று நான் மறைக்காமல் சொன்னேன். என் தோளைத் தட்டினார்.

“விடு. தெரியாம செஞ்சது. நான்தான் ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கணும்.”

அதன்பின் மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இடியில் விழவில்லை. டுலூத்துக்குக் கார் கிளம்பத் தயாராக நின்றபோது, கைப்பையை மறந்துவிட்டேன் என்று உள்ளே போய், குளியலறை பிளக் பாயிண்டில் மின்சாரத்தை நிறுத்தும் சோதனைப் பொத்தானை அழுத்தியது நான். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லி அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. மறுபடி மின்சாரம் வரவைக்கும் பொத்தானும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எத்தனை நாளுக்குள் அழுத்த வேண்டும் என்று எங்கும் போடவில்லை.