மேலேரியில் இரண்டு நிமிட மௌனம்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு. மேலேரியில் விடுமுறையை இன்பமாகக் கழிக்க மொத்தம் ஒன்பது வழிகள் உள்ளன. ஒன்பதையும் கண்டுபிடித்தவன் நான்.

ஆய்வாளர் அவர்களே, வாக்குமூலத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் விவகாரம் தொடங்கியது இந்த ஒன்பதில்தான். சித்தேரி மலைமேல் இருக்கிற மேலேரிக்கு வெளியூர் ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று கடத்தூர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுற்றுலா மன்றம் வைத்தோம். மாதவராஜ் தலைவர், நான் செயலாளர். அதாவது எழுதுவதெல்லாம் நான், அதை மேடையில் தன்னுடையதாக வாசிப்பதெல்லாம் அவர்.

நான் எழுதியது சாதாரணமாகத்தான் இருந்தது. பரிசலில் போகலாம், தூண்டில் போடலாம், கரையோரமாகவே ஏரியைச் சுற்றி நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம், ஒன்றும் செய்யாமல் பாறைமேல் உட்காரலாம். இப்படியே போய் ஒன்பதாவதாக, தண்ணீரில் காலை நனைக்கலாம் என்று எழுதியிருந்தேன். தலைவர் அதை அடித்துவிட்டு 'பாத நீராடல் பேரனுபவம்' என்று திருத்தினார். பாறைமேல் உட்காருவது 'இயற்கையோடு மோனத்தில் கலத்தல்' ஆயிற்று. இதற்கெல்லாம் ஒருவர்மேல் வன்மம் வைப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

மாதவராஜின் சுபாவத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தான் உள்ளே வரும்போது எல்லோரும் எழ வேண்டும் அவருக்கு. ஒருமுறை முழங்கால் வலியால் மன்ற உறுப்பினர் பச்சியப்பன் எழவில்லை. தலைவர் வெளியே போய், செருப்பைச் சரியாக விட்டோமா என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே வந்தார். பச்சியப்பன் எழுந்தார். ஆனால் ஒன்று, தலைவரும் எழுவார். மௌன அஞ்சலி என்று சொல்லிவிட்டால் முதலில் எழுவதும் கடைசியில் உட்காருவதும் அவர்தான். அஞ்சலி இல்லாத கூட்டம் அவருக்குச் சப்பென்று இருக்கும். உள்ளூரில் யாரும் சாகாத மாதத்தில் பொம்மிடிப் பக்கம் விசாரிக்கச் சொல்வார்.

தொடக்க விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கரையில் பந்தல், நூறு நாற்காலி, இரண்டு ஒலிபெருக்கி, பின்னால் ஒரு ஜெனரேட்டர். தலைவர் பரிசலில் ஒரு சுற்று வந்து ஏரியைத் திறந்து வைப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். ஏரி என்னவோ எப்போதும் திறந்துதான் கிடந்தது.

பரிசல்காரர் சின்னக்கண்ணு அந்த மலை ஊர்க்காரர். கையில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டோடு நின்றார்.

"ஐயா, இத மாட்டிக்கினு ஏறுங்க. நடுவுல ஆழம் சாஸ்திங்க."

தலைவர் தன் தோளில் கிடந்த சால்வையைத் தொட்டுப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்தேன். "ஜாக்கெட் போட்டா சால்வை மறைஞ்சிடுங்க தலைவரே. போட்டோவுல ஆரஞ்சுப் பழ மூட்டையாட்டம் இருப்பீங்க."

"செயலாளர் சொல்றது சரி" என்றார். ஆறு வருடப் பழக்கத்தில் அந்த ஒரு முறைதான் அப்படிச் சொன்னார்.

சின்னக்கண்ணு ஜாக்கெட்டைக் கரையில் வைத்துவிட்டு, "அப்பிடின்னா ஒண்ணுங்க. எது வந்தாலும் எந்திரிக்க மட்டும் கூடாதுங்க. இது பரிசலு, பந்தல் இல்ல" என்றார்.

"தெரியும்பா. நீ தள்ளு."

அந்த நிமிடம்வரை என் மனதில் எதுவும் இல்லை. எந்திரிக்கக் கூடாது என்று சின்னக்கண்ணு சொன்ன பிறகுதான் இருந்தது. வேட்டி நனைய வேண்டும், அவ்வளவுதான். நனைந்த வேட்டியோடு எவராலும் நாற்பது நிமிடம் முழங்க முடியாது. என் ஒன்பது வழிகளை அன்றைக்கு அவர் நாற்பது நிமிடம் பேசுவதாக இருந்தது.

பரிசல் ஏரி நடுவுக்குப் போனதும் மைக்கைக் கையில் எடுத்தேன். "சமீப காலத்தில் இயற்கை எய்திய இயற்கை ஆர்வலர்கள் அனைவருக்கும் இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

நூறு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிடுவோம், யாருக்காக என்பதை உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொள்வோம். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். மேடையில் நானும் தலை குனிந்து நின்றேன்.

தலைவர் எழுந்தார் என்று சின்னக்கண்ணு உங்களிடம் சொல்லியிருப்பார். எழுந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் கேட்ட பிறகு அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. பரிசல் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. சால்வை மட்டும் கொஞ்ச நேரம் விரிந்தபடி மிதந்தது. அப்படித்தான் பிறகு பேசிக்கொண்டார்கள்.

சின்னக்கண்ணு கத்தியிருக்கிறார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, ஜெனரேட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஆடு மேய்ப்பவர் யாரோ கூப்பிடுவதுபோலத்தான் கேட்டது. முன்வரிசையில் மாதேஷ் என்று ஒருவர், மன்ற உறுப்பினர், தலையைத் தூக்கப் போனார். அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"அமைதி" என்றேன். "தயவுசெய்து அமைதி. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது."

மாதேஷ் கட்டுப்பாடான மனிதர். தலையைக் குனிந்துகொண்டார்.

நிமிடம் முடிந்து எல்லோரும் நிமிர்ந்தபோது பரிசல் குப்புறக் கிடந்தது. சின்னக்கண்ணு தலைவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தி வந்துகொண்டிருந்தார். நான்கு பேர் குதித்தார்கள். ஒரு நிமிடம் முன்னால் தூக்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு நிமிடம் எது என்று அவருக்குத் தெரியாது.

ஜாக்கெட் தராமல் ஏற்றிக்கொண்டு போனதாகச் சின்னக்கண்ணுவை நீங்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். அதன் பிறகு மைக்கைத் தொடவில்லை.

நேற்று மத்தியானம் சின்னக்கண்ணுவின் மனைவி குள்ளம்மாள் என் வீட்டுக்கு வந்தார். மலையிலிருந்து இறங்கி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"சார், நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க சார்."

"என்னன்னும்மா எழுதணும்?"

"ஜாக்கெட்ட நீட்டுனாரு, ஐயாதான் வேணான்னுட்டாருன்னு எழுதுங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க." கொண்டு வந்த பையைக் கதவோரம் வைத்தார். "சாமைங்க. எங்க காட்டுல வெளஞ்சது. வூட்ல குடுங்க."

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"இருக்கட்டுங்க. செயில்ல பாக்கப் போனப்ப அவருகிட்டயே கேட்டுப்புட்டேன். ஏன்யா, நீ அந்தக் கத்து கத்திருக்கற, மைக்க வச்சிக்கினு நின்ன அந்த சாரு ஒரு கொரல் குடுத்திருந்தா நூறு பேரு குதிச்சிருப்பாங்களேன்னு. அதுக்கு அவரு என்னைய வையறாரு. 'அவரு சாமி கும்புடறாப்பல கண்ண மூடி நின்னாரு புள்ள. பாத்திருந்தா வுட்டிருப்பாரா, நல்ல மனுசன்'ங்கறாரு."

மனுவை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்று மத்தியானம் அந்தச் சாமையில் சோறு வைத்து என் மனைவி இலையில் போட்டாள். பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மனு எழுதத்தான் உட்கார்ந்தேன், இது வந்தது. இதில் நான் விளையாட்டாகச் செய்தேன் என்பது நிஜம், வேட்டி நனைந்தால் போதும் என்று நினைத்தது நிஜம். ஜாக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல வைத்தவன் நான், எழுந்திருக்கச் சொன்னவனும் நான். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் என்னைக் கவனக்குறைவான ஆள் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

சின்னக்கண்ணுவை வெளியே விடுங்கள்.

நான் கண்ணை மூடவில்லை.