மாதாவின் மூக்கு

வாசகரே, இவ்வழக்குக்கு நீங்களே சாட்சி. ஹனோவர் நோக்கி விரைந்த ரயிலில் என் எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதியர் அமர்ந்திருந்தனர். அங்குள்ள தேவாலயத்தில் நடக்கும் தமிழர் திருவிழாவுக்காகக் கணவர் தம் கையால் தீட்டிய மாதா படம் இருவர் மடியிலும் கிடந்தது. அதன் போர்வையை முதன்முறையாக விலக்கிய மனைவி கேட்டார்:

“இஞ்சாருங்கோ, மாதாவுக்கு ஏன் என்ர மூக்கு?”

“வடிவான மூக்குத்தானே.”

“கோயில்ல சனம் என்னைப் பாத்துக் கும்பிடுறதோ? நான் எப்பிடி அங்க முழந்தாளில நிக்கிறது? மாத்துங்கோ.”

“ஏலாது. மியூசியத்தில பாத்தமெல்லோ, முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்தின அந்தப் பரோக் காலத்து ஓவியர்? தன்ர குருவின்ர படங்களைப் பாத்துக் கீறின மாதாவெல்லாம் மெழுகுப் பொம்மை. பிறகு தன்ர மனுசியின்ர முகத்தைக் கீறினார். அப்பதான் மாதாவுக்கு உயிர் வந்தது. நானும் இவ்வளவு நாளும் பொம்மைதான் கீறினனான்.”

“அவர் அந்த மனுசியிட்டக் கேட்டவரோ?”

“தெரியாது.”

“நீங்கள் என்னட்டக் கேட்டனீங்களோ?”

பட்டிமன்ற மேடைகளில் நான் கேட்ட எந்த மறுப்புரையும் இத்தனை சுருக்கமாக வென்றதில்லை.

“கேக்கேல்லைத்தான். இப்ப கேக்கிறன். இருக்கட்டோ?”

மனைவி தம் மூக்குத்தியைத் தொட்டபடி படத்தை நோக்கினார்.

“இருக்கட்டும். ஆனா என்ர மூக்கெண்டா என்ர மூக்குத்தியும் வேணும்.”

கணவர் எழுந்து நின்றார். பெட்டி முழுவதும் கேட்கச் சொன்னார்:

“திருவிழாவுக்கு முன்னம் மூக்குத்தி கீறுவன். ஆரின்ர முகமெண்டு சபையில கேட்டா, என்ர மனுசியின்ர, அவவிட்டக் கேட்டுத்தான் கீறினனான் எண்டு முன்னுக்கு நிண்டு சொல்லுவன்.”