வலது கன்னம்

மதுவிலக்கு இருந்த காலம். காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸ் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு நெசவாளர், ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில், எனக்கு வேர்த்து ஊற்றியது. அவருடைய இடது கன்னம் மழுமழுவென்றிருந்தது. ஜன்னல் பக்கமிருந்த வலது கன்னத்தில் மட்டும் புதர் போல தாடி.

"ஏம்மே, மூஞ்சில சாராய ஊசி போட்டுக்கறதுக்குப் பர்மிட் வேணுமா?"

"போடறது டாக்டரு. உன்னை எந்தப் போலீஸுய்யா புடிக்கப் போறான்?" என்றாள் மனைவி.

"ஊசின்னா, காத்தோ கத்தியோ பட்டாலே வெட்டற இந்த வலி கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வருமாம். நரம்பை அறுத்துட்டா வரவே வராதாம்."

"அப்போ அறுத்துக்க."

"பாவுல இழை அறுந்தா பிணைச்சுடறோம். இதைப் பிணைக்க முடியாதாம்மே. கன்னம் மரத்தே கெடக்கும். நீ அறைஞ்சாக்கூடத் தெரியாது."

"இந்தப் பக்கம் அறையறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பிலேயே வலி வெட்டியது. கன்னத்தருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். வலி விட்டதும் அவரே பேசினார்.

"அறுத்துடட்டும்மே. பொண்ணு கல்யாணத்துல முழுசா சவரம் பண்ணிக்கினு நிக்கணும்."

"அந்தப் பக்கம் சோறு ஒட்டிக்கினு இருந்தா உனக்குத் தெரியாதேய்யா?"

"தறியில தினம் என் வலப்பக்கம்தானே ஒக்காந்துக்கினு பொடவைக்குக் கரை போடறே? பாத்துச் சொல்லு."

அவள் எழுந்து நின்றாள்.

"அப்போ நவுரு."

அவரைத் தாண்டி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முந்தானையை அவர் கன்னத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, படுதாவைச் சுருட்டி மேலே தூக்கினாள்.

எனக்கும் காற்று வந்தது.