பாக்கெட்டில் மிச்சமிருந்த ஆள்

— அப்ப அந்த பேஸ்பால்காரன் கீழ விழலயா?

— விழல கார்லா, அதத்தான் சொல்றேன். விழுந்திருந்தா பரவால்ல. பந்தைப் போட்டான், போட்ட கை அப்படியே தொங்கிடுச்சு. முழங்கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு இந்தப் பக்கம் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வார்னிக் கதை முடிஞ்சுது.

— எந்தப் பக்கம் பாத்து? நீ டிவியிலதான பாத்த?

— கேமராவைப் பாத்து.

— சரி மகராசா. ஷூவைக் கழட்டி வாசல்லயே போடு, இப்பதான் தரையைத் துடைச்சேன். பிரோகி கொழுக்கட்டை வெந்துக்கிட்டிருக்கு. ரெண்டு தின்னுட்டுப் போ.

— எனக்கு எதுவும் இறங்காது.

— நாம கோர்ட்டுல விவாகரத்து வாங்கிட்டு வந்த அன்னிக்கு இதே மேசையில ரெண்டு தட்டு தின்ன. அன்னிக்கு மட்டும் எப்படி இறங்குச்சு?

— இது வேற கார்லா.

— வேறதான். அன்னிக்கு யாருக்கும் முழங்கை போகல.

— கிண்டல் பண்ணாத. கேளு, முழங்கை நார் அறுந்துபோச்சுன்னு வர்ற வழியிலயே ரேடியோவுல சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை கிழிச்சுத் தைச்ச கை. முப்பத்தேழு வயசுல மூணாவது தடவை எவன் தைப்பான்? தைச்சாலும் எந்த டீம் எடுக்கும்?

— வீட்டுக்குப் போகட்டுமே. சம்பாதிச்சது போதாதா? பொண்டாட்டி புள்ளைங்களோட நிம்மதியா இருக்கட்டும்.

— உனக்குப் புரியல. அந்தப் பாக்கெட்டுல இவன் ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான்.

— எந்தப் பாக்கெட்டு?

— விடு.

— வெர்ன். எந்தப் பாக்கெட்டுல?

— ஆஸ்பத்திரிக்குக் கீழ பூவும் பலூனும் விக்கிற கடை இருந்துச்சுல்ல. அங்க வாங்குனது. ஆட்டக்காரங்க படம் போட்ட கார்டு பாக்கெட். புள்ள கடைசியா பிரிச்சது.

— அதை இன்னும் வச்சிருக்கியா?

— ஏழு கார்டும் இருக்கு. மத்த கார்டெல்லாம் கடையில போட்டாலும் போடுவேன், அது மட்டும் என்னை விட்டுப் போகாது.

— என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

— என்னன்னு சொல்றது? ஏழு பேர்ல ஒருத்தனுக்குத் தோள் போச்சு. ஒருத்தனுக்கு முட்டி. ஒரு கிறுக்கன் ஏர்போர்ட்டுல சூட்கேஸைத் தூக்கினான், முதுகு பிடிச்சுக்கிச்சு, அதோட சரி. பந்து பிடிக்கிற கேட்ச்சர் இருந்தானே, அவன் தலையில அடி வாங்கி வாங்கி இப்ப பொண்டாட்டி பேரே மறந்துபோச்சாம். ஒவ்வொருத்தனா போகப் போக நான் இந்த வார்னிக்கையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தேன். அவன் தும்முனாக்கூட ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேப்பேன்.

— எதுக்குடா இந்தப் பைத்தியக்காரத்தனம்? அவன் ஆடுனா நமக்கு என்ன, ஆடலைன்னா நமக்கு என்ன?

— உனக்கு ஞாபகம் இருக்கா? டாக்டர் வராந்தாவுல நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாரே, அன்னிக்கு. நீ அழுதுக்கிட்டே கார் பார்க்கிங் பக்கம் போயிட்ட. நான் கீழ இறங்கி எதையாவது வாங்கணும்னு அந்தப் பாக்கெட்டை வாங்கிட்டு மேல போனேன். புள்ள பிரிச்சான். ஒவ்வொண்ணா பாத்தான். பாத்துட்டு, அப்பா, இதுல யாரு ரொம்ப நாள் ஆடுவான்னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— இந்த ஒல்லிப்பய, இவன் இப்பதான் வந்திருக்கான், இவன்தான்னு வார்னிக்கைக் காட்டினேன். உடனே, சரிப்பா, அப்ப நாம இவன் ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் பாப்போம்னான். பாக்கலாம்டான்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் விட்டதில்ல கார்லா. வேலையில இருந்தா ரேடியோ. எங்கம்மா சாவுக்குக்கூட காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு நின்னேன். இன்னிக்கோட அதுவும் போச்சு. இனிமே டிவியைப் போட்டா, அந்த மைதானத்துல ஓடுற ஒருத்தன் பேரும் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாம் அவன் பாக்காத ஆளுங்க. அதை உக்காந்து எப்படிப் பாப்பேன்?

— அந்தக் கார்டு இருக்கா இங்க?

— சட்டைப் பையில.

— குடு.

— கை ஈரமா இருக்கு உனக்கு.

— குடுன்னேன்.

— சரி, இந்தா.

— என்ன இது, கெட்டி பிளாஸ்டிக்குல அடைச்சு வச்சிருக்க?

— லெஸ் பண்ணிக்குடுத்தான். கார்டு கடை லெஸ். மூலையெல்லாம் மடங்க ஆரம்பிச்சுது, உள்ள வச்சு சீல் பண்ணிக்குடுடான்னு போன வாரம் குடுத்தேன். இன்னிக்கு மத்தியானம்தான் வாங்கிட்டு வந்தேன்.

— இங்க மஞ்சளா இருக்கணுமே. இந்தக் கீழ் மூலையில. மஞ்சப் பொடி ஒட்டுற சீஸ் பஃப் தின்னுட்டு அந்தக் கையோட எடுத்தான். கட்டைவிரல் முழுசா பதிஞ்சிருந்துச்சு. நான் பார்க்கிங்ல இருந்து மேல வந்தப்போ நீ சத்தம் போட்டுக்கிட்டிருந்த. கார்டைத் தொடுறதுக்கு முன்னாடி கையைத் துடைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு கத்துன. ட்யூப் மாட்டுன கையை அவன் போர்வையில துடைச்சான்.

— தெரியும் கார்லா.

— அது எங்க, வெர்ன்?

— லெஸ் துடைச்சுட்டான்.

— என்ன?

— அவன் நல்லதுன்னு நெனைச்சு செஞ்சான். கார்டுக்காரன் எவனா இருந்தாலும் அதைத்தான் செய்வான். கறையோட இருந்தா மதிப்பு கம்மி. பழகுன ஆளாச்சேன்னு ஏதோ மருந்துல பஞ்சை நனைச்சு, பூப்போல ஒத்தியெடுத்திருக்கான். ஒரு வாரம் மெனக்கெட்டானாம். பாரு, பிரஸ்ஸுல இருந்து இப்பதான் வந்த மாதிரி இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே கையில குடுத்தான்.

— நீ என்ன சொன்ன?

— தேங்க்ஸ்னு சொன்னேன்.

— தேங்க்ஸா.

— வேற என்ன சொல்லுவேன்? அந்தக் கறை எம்புள்ள கை பதிஞ்சதுன்னு நான் அவனுக்கு சொல்லவே இல்லையே. அவன் மேல என்ன தப்பு? காருக்கு வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டேன். மூணாவது இன்னிங்ஸ்ல வார்னிக் கை தொங்கிடுச்சு. அங்க துடைச்சாங்க, இங்க அறுந்துபோச்சு. என்னாலதான் கார்லா.

— நீ ஒரு முட்டாள் வெர்ன். அவன் கை அவன் போட்ட பந்துல அறுந்துச்சு. உன் கார்டைப் பாத்து அறுந்துபோகல.

— அப்படித்தான் இருக்கணும். ஆனா மனசு கேக்கலயே.

— இன்னொண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. வந்ததுல இருந்து புள்ள, புள்ளங்கற. அவன், அவன்ங்கற. தோள் போனவன் பேரு, முட்டி போனவன் பேரு எல்லாம் உனக்குத் தெரியும். நம்ம புள்ள பேரை எப்ப கடைசியா உன் வாயால சொன்ன?

— வேணாம் கார்லா.

— சாவு வீட்டுல கூட சொல்லல. பாதிரியார் பேசச் சொன்னாரு, தலையை ஆட்டிட்டு உக்காந்த. நான் சமையலறையில சொல்லி அழுதா நீ எழுந்து கார்டு ரூமுக்குப் போயிடுவ. அதனாலதான் போகச் சொன்னேன் உன்னை. வேற ஒரு காரணமும் இல்ல. இப்ப சொல்லு.

— என்னால முடியாது.

— சொல்லு.

— ஜெஸ்ஸி.

— ம்.

— ஜெஸ்ஸி கேட்டான், கார்லா. அப்பா, யாரு ரொம்ப நாள் ஆடுவான்னு ஜெஸ்ஸி கேட்டான்.

— அழு. துணி அங்க தொங்குது, முகத்தைத் துடைச்சுக்க.

— வார்னிக்கும் இப்படித்தான் அழுதிருப்பான். மைதானத்தை விட்டுப் போறப்ப தொப்பியை முகத்து மேல இழுத்து விட்டுக்கிட்டான். பாவம், அவனுக்கு வேற எதுவும் தெரியாது. சின்ன வயசுல இருந்து பந்து, பந்து. எல்லாம் போச்சு. இவ்வளவு பெரிய கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

— அவனுக்கு அம்மா இருக்காளா?

— இருக்காங்க. இன்னிக்கு ஆட்டத்துக்கு வந்திருந்தாங்க. அவன் வெளிய போறப்ப ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க, அதையும் காட்டினாங்க. அந்தம்மாவை நெனைச்சா எனக்கு நெஞ்சு வெடிக்குது கார்லா.

— அவளுக்கு என்னடா குறை? இன்னிக்கு சாயங்காலம் போன் போட்டா, அவ புள்ள எடுத்துப் பேசுவான்.